கூரையின் ஆயுளும் அடிமனையின் உரிமையும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்புகளை எடுத்துக்கொள்வது நம் வழக்கம். இலக்கியம், அதிகாரம், விடுதலை என்று பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு நம் தலைக்கு மேலே இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று முடிவெடுத்தோம். ஒரு வீட்டின் கூரை எத்தனை ஆண்டு நிற்கும்? அதைத் தீர்மானிப்பது எது? திருக்கனூரிலும் அதைச் சுற்றியுள்ள மண்ணாடிப்பட்டு கொம்யூன் கிராமங்களிலும், வில்லியனூர், பாகூர் பக்கத்துக் குடியிருப்புகளிலும், ஐப்பசி பிறக்கும்போது நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. "இந்த மழைக்குத் தாங்குமா?" என்று நம் அம்மாக்கள் அண்ணாந்து பார்த்துக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

பொறியாளரைக் கேட்டால் பொருளைச் சொல்வார். தென்னங்கீற்று என்றால் ஒன்றிரண்டு மழை. பனையோலை என்றால் அதைவிடச் சில ஆண்டு கூடுதல். நாட்டு ஓடு அவ்வப்போது பிரித்து மாற்றினால் தலைமுறை தாண்டும். கான்கிரீட் தளத்துக்கு 50 ஆண்டு கணக்கு. இவை பொய்யில்லை. ஆனால் ஒரே பொருளால் ஆன இரண்டு கூரைகள், ஒன்று ஊர்த்தெருவிலும் மற்றொன்று நம் குடியிருப்பிலும், ஒரே மழையில் நனைந்து ஒரே வெயிலில் காய்ந்து, வெவ்வேறு வயதில் ஏன் சாகின்றன? இதற்குப் பொருள் விடை சொல்லாது. கூரைக்குக் கீழே இருக்கும் அடிமனை யாருடையது, கூரையைப் பிரித்துச் செப்பனிடும் உரிமையும் வசதியும் யாருக்கு இருக்கிறது என்பதே கூரையின் வயதை எழுதுகிறது. நாம் இங்கே சொல்ல வருவது இது ஒன்றுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழியைக் கவனியுங்கள். சுவரும் கூரையும் எந்தப் பொருளால் ஆனவை என்று பார்த்து வீடுகளை நிரந்தரமானவை, பாதி நிரந்தரமானவை, தற்காலிகமானவை என்று அது பிரிக்கிறது. தற்காலிக வீடுகளையும் பயன்படத்தக்கவை, பயன்படாதவை என்று மேலும் இரண்டாகப் பிரிக்கிறது. சுவரும் கூரையும் புல், ஓலை, மூங்கில் என்றால் அது பயன்படாத தற்காலிக வீடு. அந்த வீட்டில் பிள்ளை பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, அங்கேயே கண்ணை மூடியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். ஒரு தலைமுறை முழுக்க வாழ்ந்த வீடு எப்படித் தற்காலிகமாயிற்று என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது.

ஓலை யாருடையது

முதலில் ஓலைக்கூரையைப் பார்ப்போம். நம் பக்கத்தில் சவுக்கும் மூங்கிலும் கட்டி, வரிச்சு போட்டு, தென்னங்கீற்றோ பனையோலையோ கரும்புச் சோகையோ வேய்வார்கள். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் இப்பகுதியில் கரும்பு நிறைய. கரும்பு வெட்டப் போகிறவர்கள் சோகையைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். கீற்று முடைவது பெரும்பாலும் பெண்களின் வேலை. பகல் முழுக்கக் களையெடுத்துவிட்டு, இருட்டிய பிறகு ஊறவைத்த மட்டையை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்வார்கள்.

இந்தக் கூரையின் ஆயுளுக்கு ஓர் இயல்பான கணக்கு உண்டு. சரிவு செங்குத்தாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும், ஓலை சீக்கிரம் மக்காது. அடுக்கு கனமாக இருந்தால் மேலடுக்கு போனாலும் கீழடுக்கு தாங்கும். அடுப்புப் புகை ஏறும் பக்கத்தில் பூச்சி அரிப்பு குறையும். முகட்டுப் பகுதி முதலில் போகும், அதை மட்டும் முன்கூட்டியே மாற்றினால் மற்றதைக் காப்பாற்றலாம். இவ்வளவும் நம் மக்களுக்குத் தெரியும். தெரிந்தும் மெல்லிய அடுக்காகவே வேய்ந்தார்கள், ஏனென்றால் ஓலை அவர்களுடையது இல்லை. தென்னந்தோப்பும் பனைவரிசையும் நிலக்காரருக்குச் சொந்தம். கீற்று வேண்டும் என்றால் கேட்க வேண்டும். கேட்டது கிடைத்தால் அதற்குக் கூலியில் கழிப்பு உண்டு, அல்லது கூப்பிட்ட நேரத்தில் போய் நிற்க வேண்டிய கடமை உண்டு.

அதுவும் எந்த மாதத்தில்? கூரை மாற்ற வேண்டியது மழைக்கு முன், ஆடி ஆவணியில். நடவு வேலைக்கு ஆள் தேவைப்படும் காலமும் அதையொட்டியே வரும். தன் கூரையை வேய ஒதுக்கும் நாள் கூலி இழந்த நாள். ஆகவே வேலை முடிந்த பிறகு, கிடைத்த ஓலையைக் கொண்டு, போன இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவார்கள். ஓலையின் ஆயுள் குறைந்ததற்கு ஓலை காரணமில்லை. ஆண்டுக்கு ஆண்டு கைநீட்ட வைக்கும் ஏற்பாடுதான் காரணம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கூரை, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அடிமைத்தனத்துக்கு வசதியாக இருந்தது.

அடிமனை யாருடையது

அப்படியானால் நம் முன்னோர் ஓடு போட்டிருக்கலாமே, செங்கல் சுவர் எழுப்பியிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். கையில் காசில்லை என்பது பாதி விடை. மீதி விடை 1891இல் எழுதப்பட்ட ஓர் அறிக்கையில் இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பஞ்சமி நில வரலாறு படிப்பவர்கள் அந்தப் பெயரை அறிவார்கள். 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வெளிவருவதற்கு அந்தக் குறிப்பு முக்கியமான காரணம். விளைநிலத்தைப் பற்றி அது சொன்னதை நாம் அடிக்கடி பேசுகிறோம். குடிசை நின்ற மனையைப் பற்றி அது சொன்னதைக் குறைவாகவே பேசுகிறோம். சேரி மனைகள் மிராசுதாரர்களின் பிடியில் இருந்தன. பண்ணையாள் எதிர்த்துப் பேசினால், வேறு பண்ணைக்குப் போக நினைத்தால், குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே எசமான்.

நாளைக்கு இறங்கு என்று சொல்லிவிட முடிகிற மனையில் யார் செங்கல் அடுக்குவார்கள்? பிரித்து எடுத்துக்கொண்டு போகக்கூடிய சவுக்கும் ஓலையும்தான் அங்கே புத்திசாலித்தனம். நம் குடிசை தற்காலிகமாக இருந்தது நம் பண்பாடு என்றும் பழக்கம் என்றும் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெளியேற்றப்படும் அச்சத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்ட கட்டடமுறை அது என்பதே சரியான விளக்கம்.

1919-20இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை வழியாகத் தாழ்த்தப்பட்டோருக்கு வீட்டுமனை எடுத்துக் கொடுக்கும் வேலை தொடங்கியது. அந்த வேலை நிலவுடைமையாளர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஏக்கர் கணக்கில் கேட்கவில்லை, குடிசை போடச் சில சென்ட் இடம்தான். அதற்கே அவ்வளவு எதிர்ப்பு. சேரிக்காரன் மனை சேரிக்காரனுக்கே ஆனால் பண்ணைக்கு ஆள் வருவது அவன் விருப்பம் ஆகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு மாநாடு தனிக் குடியேற்றங்கள் கேட்டதும், 1947இல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அதையே அரசியலமைப்புக் கோரிக்கையாக வைத்ததும் இந்தப் புரிதலிலிருந்துதான்.

திருக்கனூர் அப்போது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. 1954 வரை இங்கே பறந்தது வேறு கொடி. ஒரு வயலைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா, இன்னொரு வயலைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சிந்தியா என்று எல்லை பின்னிக் கிடந்த பூமி இது. ஆனால் ஊர் வேறு, சேரி வேறு என்பதில் எந்தக் கொடியும் மாற்றம் செய்யவில்லை. ஊர்ப்பக்கம் ஓட்டு வீடும் மெத்தை வீடும் எழுந்தன. சேரிப்பக்கம் கூரை தாழ்ந்தே இருந்தது. உள்ளே நுழையும்போது குனிய வேண்டும், வெளியே வரும்போதும் குனிய வேண்டும்.

தமிழ்நாட்டில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உடைமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. புதுச்சேரிக்கு அதே வகைச் சட்டம் 1973இல் வந்தது. நிலச் சீர்திருத்த வரலாற்றில் இச்சட்டங்கள் அடிக்குறிப்பாகத்தான் வரும். கூரையின் வரலாற்றில் இவை தலைப்பு எழுத்தில் வரவேண்டியவை. அடுத்து, புதுச்சேரியில் 1975ஆம் ஆண்டு நில ஒப்படை விதிகளின் கீழ் வழங்கப்படும், நம் மக்கள் எல்.ஜி.ஆர். பட்டா என்று சொல்லும் இலவச மனைப்பட்டா. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம். இந்தக் காகிதங்கள் கைக்கு வந்த பிறகுதான் நம் தெருக்களில் முதல் செங்கல் சுவர்கள் எழுந்தன. அப்பாவின் பெயரில் பட்டா வந்த ஆண்டையும் வீட்டில் சுவர் எழுந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பொருளாதாரம் முந்தியதா, உரிமை முந்தியதா என்று தெரியும்.

தீயின் கணக்கு

கூரையின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது தீயைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஓலைக்குத் தீ ஓர் ஆபத்து என்பது பொதுவான உண்மை. குடிசைகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் ஒன்று பற்றினால் வரிசை முழுக்கப் போகும். நெருக்கத்துக்குக் காரணம் மனையின் அளவு. அது விபத்துத் தீ. நம் வரலாற்றில் இன்னொரு தீ இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் ஒளிந்துகொண்ட குடிசையோடு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1978 ஜூலையில் நமக்குப் பக்கத்திலுள்ள விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள், சேரிக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1987 செப்டம்பரில் சாலை மறியல் போராட்ட நாட்களில் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் பல சேரிகளில் கூரைகள் எரிந்தன. ஓலைக்கூரையை எரிப்பதற்கு ஒரு தீக்குச்சி போதும் என்பதால், அது வன்முறையின் மலிவான வடிவமாக இருந்தது. நம்மைக் கூரையில் வைத்திருப்பது எப்போது வேண்டுமானாலும் தண்டிக்கத் தோதான நிலையில் வைத்திருப்பதாகவும் ஆயிற்று.

கான்கிரீட் வந்தால் இது மாறும் என்று நம்பினோம். ஓரளவு மாறியது. ஆனால் 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டபோது, வெளியூர் போய் உழைத்துக் கட்டிய தளம் போட்ட வீடுகளும் அவற்றில் இருந்தன. கூரை எரியாது என்றால் உள்ளே இருப்பதை எரிக்கலாம். பீரோவும் கட்டிலும் சான்றிதழ்களும் எரிந்தன. தளம் கருகி நின்றது. கருகிய கான்கிரீட்டின் வலு குறையும் என்பது பொறியியல் பாடம். அந்த வலுக் குறைவை உண்டாக்கியது வெயிலோ மழையோ இல்லை.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் குடியிருப்பைத் தீயிட்டு அழிப்பதற்கு அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு ஆயுள் தண்டனை வைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு விதிகள், எரிக்கப்பட்ட வீட்டுக்குப் பதிலாக அரசுச் செலவில் செங்கல் அல்லது கல் கட்டுமான வீடு கட்டித்தர வேண்டும் என்கின்றன. எரிந்தது ஓலைக்குடிசையாக இருந்தாலும் திரும்பி எழ வேண்டியது கல்வீடு. களத்துக்குப் போகும் தோழர்கள் நிவாரணத் தொகையோடு நின்றுவிடாமல் இந்த விதியைக் கையில் வைத்துக் கேட்க வேண்டும்.

தளம் போட்ட வீடு ஏன் ஒழுகுகிறது

இனி இன்றைய நிலை. 1985-86இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தபோது அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகத் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் தொகுப்பு வீடு, காலனி வீடு என்ற சொற்கள் அப்படித்தான் பரவின. நம் புதுச்சேரியில் பெருந்தலைவர் காமராஜர் பெயரிலான கல்வீடு கட்டும் திட்டம் உண்டு. 2016இல் இந்திரா பெயர் மாறிப் பிரதமர் பெயர் வந்தது. 1996இல் சமவெளிப் பகுதி வீடு ஒன்றுக்கு 20,000 ரூபாய், 2004இல் 25,000, 2008இல் 35,000, 2010இல் 45,000, 2013இல் 70,000, 2016இல் 1,20,000 என்று தொகை ஏறியது. ஒவ்வொரு முறையும் கம்பியும் சிமெண்டும் மணலும் அதற்கு முன்னே ஏறியிருந்தன.

தொகை குறைந்தால் எது குறையும்? வீட்டின் அளவை விதி நிர்ணயிக்கிறது, அதைக் குறைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாதவை குறையும். இது கொத்தனார் வேலையும் சித்தாள் வேலையும் தெரிந்தவர்கள் நிறைந்த சபை. ஆனாலும் மாணவர்களுக்காகச் சொல்வோம்.

கான்கிரீட் தளத்தைக் கொல்வது பெரும்பாலும் துரு. உள்ளே இருக்கும் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே போதிய கனத்தில் கான்கிரீட் இருக்க வேண்டும். இதைத்தான் கவர் என்கிறோம். இந்தியத் தர நிர்ணயம் 456இன்படி சாதாரணச் சூழலில் அது குறைந்தது 20 மில்லிமீட்டர், ஈரமும் உப்பும் கூடக்கூட 30, 45 என்று ஏறும். கவர்கட்டை வைக்காமல் கம்பியைப் பலகைமேல் படுக்கவைத்துக் கலவை கொட்டினால் அந்தத் தளத்தின் வயது அன்றைக்கே பாதி. ஈரம் கம்பியைத் தொடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தொட்டிலுக்கு மேலே காரை பெயர்ந்து விழுவது இப்படித்தான்.

அடுத்தது தண்ணீர். தளம் போட்ட பிறகு குறைந்தது 7 நாள், வெயில் கடுமையான காலத்தில் 10 நாள் தளத்தை நனைத்து வைத்திருக்க வேண்டும். கலப்புச் சிமெண்டு என்றால் இன்னும் கூடுதலாக வைப்பது நல்லது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது ஊர்த்தெருவில் எளிது. மோட்டாரைப் போட்டால் வந்துவிடும். ஒரு தெருவுக்கு ஒரு குழாய், அதிலும் காலையில் சிறிது நேரம்தான் தண்ணீர் என்ற குடியிருப்பில், குடிக்கப் பிடித்த குடத்தை மாடிக்கு ஏற்றுவதா? மூன்றாம் நாள் தளம் காய்ந்துவிடும். தண்ணீரில் தீண்டாமை இருந்த ஊரில் கான்கிரீட்டின் வலுவிலும் தீண்டாமை சேர்ந்துவிடுகிறது. இதை எந்த ஆய்வக அறிக்கையும் இந்தப் பெயரில் எழுதாது.

மூன்றாவது, தவணை. அடித்தளம், சன்னல் மட்டம், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் வரும். ஒரு கட்டம் முடித்துப் படம் எடுத்து அனுப்பினால்தான் அடுத்தது. முடிக்க முதலில் கடன் வாங்க வேண்டும். தவணை தள்ளிப்போகும்போது சுவர் மழையில் நிற்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். கூரை போடுவதற்கு முன்பே கூரையின் வயது ஓடத் தொடங்கிவிடுகிறது.

நான்காவது, தளத்துக்கு மேலே போடும் சுருக்கி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சரிவு கொடுத்து, மேலே தட்டோடு பதித்தால் தண்ணீர் தேங்காது, வெயில் நேராகத் தளத்தைத் தாக்காது. ஊர் மெத்தை வீடுகளின் நீண்ட ஆயுளுக்கு இது முக்கியமான காரணம். நம் வீடுகளில் பணம் தீர்வது சரியாக இந்த இடத்தில்தான். மொட்டைத் தளத்தில் தண்ணீர் தேங்கும். ஒழுகும் இடத்தில் தேர்தல் பேனரை மடித்துப் போட்டு நான்கு மூலையிலும் கல் வைப்போம். தலைவர்கள் வாக்குறுதி கொடுத்தபடி நம் கூரையைக் காப்பாற்றும் ஒரே வழி இன்றைக்கு அதுதான்.

புதுச்சேரி நகரத்து மாடிகளுக்கும் சேதராப்பட்டு, திருபுவனை ஆலைகளுக்கும் தளம் போடப் போகிறவர்கள் நம் ஆட்கள். கவர் எவ்வளவு வேண்டும், பாத்தி எத்தனை நாள் கட்ட வேண்டும் என்று நம் கொத்தனாருக்குத் தெரியாதா? அடுத்தவர் வீட்டில் ஐம்பது ஆண்டுத் தளம் போட்ட கை, தன் வீட்டில் இருபது ஆண்டுத் தளம் போடுகிறது. திறமை ஒன்றே, நிபந்தனை வேறு.

2024இல் தமிழ்நாடு அரசு, 2000-01 வரை அரசுத் திட்டங்களில் கட்டப்பட்டுப் பழுதடைந்த ஊரக வீடுகளில் இரண்டரை இலட்சம் வீடுகளைச் சீரமைக்கத் திட்டம் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1985க்கும் 2001க்கும் இடையில் கட்டிய தொகுப்பு வீடு என்றால் 2024இல் அதன் வயது 23லிருந்து 39க்குள். 50 ஆண்டு நிற்க வேண்டிய தளங்கள் நடுவயதில் படுத்துவிட்டன என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நிரந்தர வீடு என்று கணக்கெடுப்பு குறித்த வீடுகள் இவை.

எது காப்பாற்றப்படுகிறது

பராமரிப்பு என்றால் என்ன என்று அறிய நாம் வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரி நகரத்திலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று வைசியாள் வீதி. அங்குள்ள பழைய தமிழ் வீடுகளின் ஓடுகளையும் தாழ்வாரங்களையும் திண்ணைகளையும் மரபுச் சின்னமாகக் கருதிச் சீரமைத்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. நூறாண்டு ஓடும் மரமும் கவனித்தால் நிற்கும் என்று அது காட்டுகிறது. மற்றொன்று கடற்கரையில் இருந்த மேரி கட்டடம். 1870களின் தொடக்கத்தில் எழுந்த நகரமன்றம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. கவனிக்காமல் விட்டால் அரசின் மாளிகையும் விழும் என்பதற்கு அது சாட்சி. பிறகு அதே தோற்றத்தில் புதிதாக எழுப்பினார்கள்.

நாம் மரபுக் கட்டடங்களுக்கு எதிரிகள் அல்லர். அவற்றைப் பழுதுபார்த்ததில் நம் கைகளும் உண்டு. நாம் கேட்பது ஒன்றே. ஒரு கட்டடம் நிற்க ஆண்டுதோறும் செலவு வேண்டும் என்ற அறிவு அங்கே இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும்போது, ஒருமுறை கட்டிக்கொடுத்தாயிற்று, இனி வந்து கேட்கக்கூடாது என்ற அறிவாக அது மாறுவது எப்படி? தானம் கொடுத்த பொருளுக்குப் பராமரிப்பு இல்லை, உரிமைக்கு உண்டு. நம் வீடுகள் இன்னும் தானத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன.

புயல் வரும்போது இந்தக் கணக்கு வெளிச்சத்துக்கு வரும். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், கூரைகளையும் கல்நார்த் தகடுகளையும் பிய்த்து எறிந்தது. ஓலையிலிருந்து தப்பிக்க நாம் போட்ட கல்நார்த் தகடு, புயலில் பறப்பதோடு நிற்பதில்லை. உடையும்போது அதன் இழை நுரையீரலுக்குள் போகும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. தானேவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குப் புயலின் பெயரிலேயே கான்கிரீட் வீட்டுத் திட்டம் வந்தது. காற்று எல்லைக்கல் பார்த்து வீசவில்லை, திட்டம் பார்த்து வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி. உறவுக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கும் நம் பகுதியில் இதை எல்லோரும் கண்ணால் கண்டோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீடூர் அணை திறந்து சங்கராபரணி பெருகியது. தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்தைச் சூழ்ந்தது. இம்முறை மேலிருந்து வந்த தண்ணீரைவிடக் கீழிருந்து வந்த தண்ணீர் அதிகம் சேதம் செய்தது. ஆற்றோரம், ஏரிக்கரையடி, வாய்க்கால் புறம்போக்கு ஆகிய தாழ்ந்த இடங்கள் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்று நமக்குத் தெரியும். அடித்தளம் ஊறினால் சுவர் இறங்கும், சுவர் இறங்கினால் தளம் வெடிக்கும். கூரைக்கு வரும் நோய் பல சமயம் காலிலிருந்து ஏறுகிறது. அடிமனை என்று நாம் சொல்வது பட்டாவில் யார் பெயர் என்பதோடு முடியவில்லை. எந்த மேட்டில், எந்தப் பள்ளத்தில் என்பதும் அதில் சேரும்.

நாம் செய்யவேண்டியது

இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனையில் ஒரு தலைமுறைக்கு வீடு கட்டினோம். இப்போது அண்ணன் தம்பி இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்றால் அடித்தளம் தாங்குமா என்று தெரியவில்லை. தாங்காது என்றால் பக்கவாட்டில் மறுபடி கீற்றுக் கொட்டகை. கல்வீட்டின் நிழலில் கூரை வீடு மறுபடி பிறக்கிறது. பட்டாவோ இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில். பெயர் மாற்றாத பட்டாவுக்குத் திட்டமும் வராது, வங்கிக் கடனும் வராது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. இந்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் தெருவில் வீடு வீடாகப் போங்கள். மூன்று ஆண்டுகளை எழுதுங்கள்: பட்டா கிடைத்த ஆண்டு, தளம் போட்ட ஆண்டு, முதலில் ஒழுகிய ஆண்டு. தளம் போட்டபோது எத்தனை நாள் தண்ணீர் நிறுத்தினார்கள், எத்தனை தவணையில் பணம் வந்தது, எவ்வளவு கடன் என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பவர்கள் அவர்கள்தான், எந்த மூலை எந்த மழையில் ஒழுகத் தொடங்கியது என்று நாள் பிசகாமல் சொல்வார்கள். பத்துத் தெருவில் எழுதினால் அது ஓர் ஆவணம். திரமென்ஹீர் நம்மைப் பற்றி எழுதியதை நூற்றுமுப்பது ஆண்டாக மேற்கோள் காட்டுகிறோம். நம்மைப் பற்றி நாமே எழுதும் அறிக்கை இனி வரவேண்டும்.

களத்துத் தோழர்களுக்கு மூன்று கோரிக்கைகள். அரசு உதவியில் கட்டிய வீட்டுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை பழுதுபார்ப்பு நிதி, கேட்காமலே வரும் உரிமையாக வேண்டும். தளம் போட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குக் குடியிருப்புக்குக் கட்டுமானத் தண்ணீரைக் கொம்யூன் பஞ்சாயத்தே கொடுக்க வேண்டும். புறம்போக்கில் இருப்பவர்களுக்கு மேட்டு நிலத்தில் மனைப்பட்டா, அதுவும் பெண்கள் பெயரில், வேண்டும். இவை பெரிய புரட்சிகள் இல்லை. ஆனால் இந்த மூன்றும் இல்லாததால்தான் நம் தளம் ஊர்த்தளத்தின் பாதி வயதில் சாகிறது.

புதுச்சேரி மக்களில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 15.73 விழுக்காடு. இந்த மாநிலத்துச் சுவர்களை எழுப்பியதில் நம் பங்கு அதைவிடப் பெரியது. மற்றவர் தலைக்கு மேல் நாம் போட்ட தளம் நிற்கிறது. நம் தலைக்கு மேல் போட்டதும் அதே வயதுக்கு நிற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஜெய்பீம்.